ஏரோதின் நாற்காலியை யார் எடுப்பது?

சபை நாடக நிகழ்ச்சியில் ஒன்று முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளியைத் திட்டமிட, புதிதாகப் பொறுப்பேற்பவர்களுக்கு

எங்கள் சபையின் கிறிஸ்துமஸ் நிகழ்ச்சிக்கு முதல் முறை மேடைப் பொறுப்பை ஏற்றபோது, நாடகங்கள் நன்றாக அமைந்தால் போதும் என்று நினைத்திருந்தேன். நாடகங்கள் நன்றாகத்தான் அமைந்தன. வாலிபர்களின் நாடகம் முடிந்ததும் ஏரோது ராஜா மீசையை முறுக்கிக்கொண்டு இறங்கிப் போனார். அவருடைய நாற்காலி போகவில்லை. கல்யாண மண்டபம் ஒன்றிலிருந்து இரவல் வாங்கி வந்த, சிவப்பு வெல்வெட் போர்த்திய மாப்பிள்ளை நாற்காலி அது. அதை யார் எடுப்பது என்று யாரிடமும் நான் சொல்லியிருக்கவில்லை. அடுத்தது ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளின் மேய்ப்பர் காட்சி. பெத்லகேம் வயல்வெளியில் தலையில் துண்டு கட்டிய மேய்ப்பர்கள் படுத்திருக்க, நடுவில் அந்த நாற்காலி. ஒரு குட்டி மேய்ப்பன் மெல்ல எழுந்து போய் அதில் உட்கார்ந்துகொண்டான்.

சபை சிரித்து முடித்த பிறகும் தேவதூதன் வரவில்லை. தெர்மகோலில் செய்த சிறகு, பிள்ளைகள் உடை மாற்றும் வெஸ்ட்ரி அறையின் கதவைவிட அகலம். தொகுத்து வழங்கிய அக்கா, “இதோ வந்துகொண்டிருக்கிறார்கள்” என்று ஐந்து முறை சொன்னார். ஐந்தாவது முறை சொன்னபோது அவர் குரலில் கிறிஸ்துமஸ் இல்லை.

அதன் பிறகு சில ஆண்டுகள் அதே பொறுப்பு என் தலையிலேயே விழுந்தது. சபைக் கமிட்டியில் யாராவது உங்களைப் பார்த்து, “தம்பி, மேடையை மட்டும் கொஞ்சம் பார்த்துக்கொள்” என்று சொல்லியிருந்தால், இது உங்களுக்காக எழுதியது. நான் எழுதுவது தென் தமிழ்நாட்டுச் சபை ஒன்றின் வழக்கப்படி. உங்கள் ஊரில் பெயர்கள் மாறலாம், நாற்காலி மாறாது.

முதலில் ஒரு கணக்கு. பதினைந்து நிகழ்ச்சிகள் என்றால் பதினான்கு இடைவெளிகள். இடைவெளிக்கு 3 நிமிடம் வீதம் 42 நிமிடம் போகிறது. அதை ஒரு நிமிடமாகக் குறைத்தால் 14 நிமிடம். மிச்சமாகும் 28 நிமிடத்தை எந்த நாடகத்தின் வசனத்தை வெட்டியும் பெற முடியாது. நிகழ்ச்சி நீண்டுபோனால் நம்மவர்கள் உடனே, “நாடகத்தைச் சுருக்குங்கள்” என்பார்கள். பெரும்பாலும் குற்றவாளி நாடகம் அல்ல.

வரிசையில்தான் பாதி வேலை

இடைவெளி மேடையில் உண்டாவதில்லை. நிகழ்ச்சி நிரலை எழுதும் மேசையிலேயே உண்டாகிவிடுகிறது. ஆகவே குறைந்தது இரண்டு வாரத்துக்கு முன்பே ஒவ்வொரு குழுவிடமும் ஒரு தாள் வாங்கிவிடுங்கள். எத்தனை பேர், மேடையில் என்னென்ன பொருள், எத்தனை மைக், பாட்டுக்கு டிராக் உண்டா, வேறு நிகழ்ச்சியிலும் வருகிறவர்கள் யார் யார். இந்த ஐந்து கேள்விகள் போதும். வாயால் சொல்கிறேன் என்பவர்களிடமும் எழுதி வாங்குங்கள். “இரண்டே இரண்டு நாற்காலிதான்” என்று வாயால் சொன்ன குழு, அன்று மாலை ஒரு கிணற்றோடு வந்து நின்றதை நான் பார்த்திருக்கிறேன்.

தாள்கள் கைக்கு வந்ததும், பொருள் நிறைய உள்ளதைக் கனமானது என்றும், ஆள் மட்டும் வந்து நின்று பாடிப் போவதை லேசானது என்றும் பிரியுங்கள். இரண்டு கனமானவை அடுத்தடுத்து வரக் கூடாது. நாடகம், பாடகர் குழுவின் பாட்டு, நாடகம், சிறு பிள்ளைகளின் மனப்பாட வசனம், நாடகம் என்று மாற்றி மாற்றிப் பின்னுங்கள். லேசான நிகழ்ச்சியை மேடைக்குக் கீழே, தரையில் ஒரு பக்கமாக நடத்தினால், அது நடக்கும்போதே மேலே அடுத்த நாடகத்துக்கான பொருள்களை வைத்துவிடலாம். மிகக் கனமான நாடகத்தை முதல் நிகழ்ச்சியாக வைப்பதும் நல்ல வழி. கூட்டம் வந்து உட்கார்வதற்கு முன்பே மேடை தயாராகிவிடும்.

உடை மாற்ற வேண்டிய பிள்ளைக்கு நடுவில் இரண்டு நிகழ்ச்சியாவது இடம் கொடுங்கள். எங்கள் சபையில் நடனம் ஆடத் தெரிந்த பெண் பிள்ளை எவளோ, அவள்தான் மரியாளும். எந்தச் சபையிலும் அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். மரியாளின் நீல அங்கியை நடன உடைக்கு மேலேயே போடும்படி தளர்வாகத் தைத்துவிட்டால் இந்தச் சிக்கலே எழாது.

நான்கு வயதுக்குட்பட்டவர்களை முதல் அரை மணி நேரத்திலேயே மேடையேற்றிவிடுங்கள். எட்டு மணிக்குமேல் ஆட்டுக்குட்டிகள் உண்மையாகவே தூங்கிவிடும்.

வரிசையை வெளியிட்டதும் மனத்தாங்கல் வரும். பெண்கள் ஐக்கிய சங்கம் ஏன் பன்னிரண்டாவது, வாலிபர்கள் ஏன் நான்காவது என்று கேட்பார்கள். மரியாதையைப் பற்றிப் பேசத் தொடங்கினால் நீங்கள் தோற்றீர்கள். “அம்மா, உங்கள் நாடகத்தில் மேசை இருக்கிறது, அதற்கு முந்தினதிலும் மேசை இருக்கிறது, ஒரே மேசையை எடுக்காமல் வைத்துக்கொள்ளலாம் என்றுதான்” என்று பொருளைக் காட்டிப் பேசுங்கள். மேசையோடு யாரும் சண்டை போடுவதில்லை.

சபையிடம் ஏற்கெனவே இருக்கும் திரைகள்

சாதாரண நாடக அரங்குக்கு இல்லாத வசதி ஆலயத்துக்கு உண்டு. வந்திருக்கும் அத்தனை பேருக்கும் பாட்டு மனப்பாடம். பெரிய காட்சி மாற்றம் வரும் இடத்தில் எல்லாரும் எழுந்து நின்று ஒரு பாமாலையோ கீர்த்தனையோ பாடட்டும். கூட்டம் நின்றால் மேடை பாதி மறைந்துவிடும். பாட்டுச் சத்தத்தில் மேசை இழுக்கும் சத்தமும் கேட்காது. உங்கள் சபை ஒரு சரணத்தைப் பாட எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று ஒரு ஞாயிறு ஆராதனையில் கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். ஆர்கன் வாசிப்பவரைப் பொறுத்து அது வெகுவாக மாறும். அதன் பிறகு, “இந்த மாற்றத்துக்கு இரண்டு சரணம்” என்று அளந்தே திட்டமிடலாம்.

காணிக்கை எடுக்கும் நேரம் அதைவிடப் பெரிய வாய்ப்பு. ஒரு முழுத் தொழுவத்தையே கட்டி முடித்துவிடலாம். பரிசளிப்பையும் கடைசியில் மொத்தமாக வைக்காமல் இரண்டாகப் பிரித்து, மேடைக்குக் கீழே தரையில் நடத்தினால் இரண்டு மாற்றங்களை விழுங்கிவிடும்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். ஐயர் (எங்கள் வழக்கில் சபைப் போதகர்) தேவசெய்தி கொடுக்கும்போது அவருக்குப் பின்னால் பொருள் நகர்த்தக் கூடாது. மரியாதைக் குறைவு என்பது இருக்கட்டும். அவர் பேசிக்கொண்டிருக்கும்போது பின்னால் ஒரு ஒட்டகம் நடந்துபோனால் சபை ஒட்டகத்தைத்தான் பார்க்கும்.

பாடகர் குழுவைக் கொண்டு காட்சிகளை இணைப்பது பழைய உத்தி. ஜெர்மனியின் பவேரியாவில் ஓபரம்மர்காவ் என்ற கிராமம் இருக்கிறது. கொள்ளைநோய்க் காலத்தில் 1633ஆம் ஆண்டு செய்த பொருத்தனையின்படி, 1634 முதல் அங்கே இயேசுவின் பாடுகளை நாடகமாக நடித்து வருகிறார்கள். வழக்கமாகப் பத்து ஆண்டுக்கு ஒரு முறை. 2020இல் நடக்க வேண்டியது கொரோனாவால் 2022க்குத் தள்ளிப்போனது. அந்த நாடகத்தில் காட்சிகளுக்கு நடுவே பழைய ஏற்பாட்டு நிகழ்வுகளை, நடிகர்கள் அசையாமல் நின்று உயிருள்ள படங்களாகக் காட்டுவார்கள்; பாடகர் குழு பாடும். நாமும் இதைச் செய்யலாம். பாடகர் குழு ஓரத்தில் பாடட்டும். திரைக்குப் பின்னால் அடுத்த நாடகத்தினர் முதல் காட்சியின் நிலையில் உறைந்து நிற்கட்டும். பாட்டு முடியும்போது திரை திறந்தால், இடைவெளி இருந்ததாகவே யாருக்கும் தோன்றாது.

மேடையை எவ்வளவு குறைவாக மாற்றலாம்

புதியவர்கள் செய்யும் பெரிய தவறு ஒவ்வொரு காட்சிக்கும் மேடையைத் துடைத்துப் புதிதாக அடுக்குவது. இடைக்கால ஐரோப்பாவில் ஆலயங்களுக்குள் நாடகம் நடந்தபோது அரண்மனை, கல்லறை, பரலோகம் எல்லாவற்றையும் தனித்தனி இடங்களில் முன்கூட்டியே அமைத்துவிடுவார்கள். காட்சி மாறாது, நடிகர்கள் இடம் மாறுவார்கள். இதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். தொழுவம் நடுவில் மாலை முழுவதும் இருக்கட்டும். பிரசங்க பீடத்தின் பக்கம் ஏரோதின் அரண்மனை, எதிர்ப்பக்கம் மேய்ப்பர்களின் வயல். எங்கே விளக்கு விழுகிறதோ அதுதான் ஊர்.

கிழக்கிலிருந்து வந்த சாஸ்திரிகள் குழந்தை இயேசுவைக் கண்டது ஒரு வீட்டில் என்று மத்தேயு எழுதியிருக்கிறார். முன்னணை லூக்காவில் வருகிறது. வேதபாடம் எடுக்கும் ஆசிரியர் ஒருவர் ஒவ்வோர் ஆண்டும் இதை எனக்கு நினைவூட்டுவார். அவர் சொல்வது சரிதான். ஆனாலும் எங்கள் சாஸ்திரிகள் தொழுவத்துக்கே வருகிறார்கள். ஒரு காட்சி மாற்றம் மிச்சமாகிறதே.

முன்பக்கம் பெரிய திரை கட்ட வசதி இல்லையா? கட்ட வேண்டாம். கயிற்றில் இழுக்கும் திரை பாதியில் சிக்கிக்கொண்டு நிற்பதைவிடத் திரையே இல்லாமல் இருப்பது மேல். தெருக்கூத்தில் வேடம் வரும்போது இரண்டு பேர் ஒரு துணியைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். வேடக்காரர் அதன் பின்னால் வந்து நிற்பார், துணி விலகும். கெட்டியான போர்வை ஒன்றும் உயரமான வாலிபர் இருவரும் இருந்தால் உங்களிடமும் திரை இருக்கிறது. சிறகு சரிந்த தூதனைச் சரிசெய்ய அந்தப் போர்வைக்குப் பின்னால் பத்து வினாடி கிடைத்தால் போதும்.

பொருள்களுக்கு ஒரே விதி: ஒவ்வொன்றுக்கும் கொண்டுவருகிறவர் பெயரும் எடுத்துப்போகிறவர் பெயரும் எழுதியிருக்க வேண்டும். “வாலிபர்கள் பார்த்துக்கொள்வார்கள்” என்பது பெயர் அல்ல. முடிந்தவரை நடிகர்களே எடுத்துப் போகட்டும். மேய்ப்பன் கோலோடு வருகிறான், கோலோடு போகிறான். ராஜாவின் நாற்காலியை இரண்டு போர்வீரர்கள் தூக்கி வந்து வைத்து, இறுதியில் அவர்களே தூக்கிப் போனால் அது நாடகத்தின் பகுதியாகவே தெரியும். பொருள் வைக்கும் இடத்தைத் தரையில் வண்ண இன்சுலேஷன் டேப்பால் குறியுங்கள், நாடகத்துக்கு ஒரு நிறம். பீடத்தின்மேல் எதையும் வைக்கக் கூடாது. பீடத்துக்கு முன்னுள்ள பொருள்களை நகர்த்துவதானால் முதலில் ஐயரிடம் அனுமதி, பிறகு ஆலயத்தைப் பராமரிக்கும் கோயில்பிள்ளையிடம் உதவி. சாவி, ஜெனரேட்டர், எந்த ஸ்விட்ச் எந்த விளக்குக்கு என்ற ரகசியம், எல்லாம் அவரிடம்தான் இருக்கிறது. முதல் ஒத்திகையிலேயே அவருக்கு ஒரு தேநீர் வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.

மேடையில் ஒன்று, ஓரத்தில் ஒன்று, அறையில் ஒன்று

எந்த நிமிடத்திலும் ஒரு குழு மேடையில் இருக்க வேண்டும். அடுத்த குழு உடையோடும் பொருளோடும் ஓரத்தில் நின்றிருக்க வேண்டும். அதற்கடுத்தது வெஸ்ட்ரியில் உடை போட்டுக்கொண்டிருக்க வேண்டும். நான்காவது குழு பெற்றோரோடு கூட்டத்தில் உட்கார்ந்திருக்கட்டும். எல்லாரையும் ஒரே நேரத்தில் வெஸ்ட்ரிக்குள் அடைத்தால் அங்கே என்ன நடக்கும் என்று விவரிக்க மாட்டேன்.

இதற்கு நான்கு பேர் போதும். பக்கத்துக்கு ஒருவராக இரண்டு பேர் மேடையோரத்தில். மூன்றாமவர் அழைப்பாளர், கூட்டத்திலிருந்து வெஸ்ட்ரிக்கும் வெஸ்ட்ரியிலிருந்து ஓரத்துக்கும் பிள்ளைகளை அழைத்து வருவதே அவர் வேலை. ஞாயிறு பள்ளி ஆசிரியைகளில் எவர் அதட்டினால் பிள்ளைகள் அடங்குவார்களோ, அவரைப் பிடியுங்கள். நான்காமவர் நீங்கள். நீங்கள் எதையும் தூக்கக் கூடாது. ஒரே இடத்தில், எல்லாரும் பார்க்கும்படி, கையில் தாளோடு நிற்க வேண்டும். முதல் ஆண்டு நானே ஓடி ஓடி மேசை தூக்கினேன். என்னைத் தேடி மற்ற எல்லாரும் ஓடினார்கள்.

வருவது ஒரு பக்கம், போவது மறுபக்கம். இந்த ஒருவழிப் பாதையை ஒத்திகையிலிருந்தே பழக்குங்கள். அப்புறம், கதவின் அகலத்தை அளந்து சிறகு செய்கிறவரிடம் சொல்லிவிடுங்கள்.

மைக், இசை, விளக்கு

இடைவெளியைத் தின்பதில் மைக்குக்கு ஈடு இல்லை. எத்தனை கார்ட்லெஸ் மைக் இருக்கின்றன என்று மைக்செட்காரரிடம் கேட்டுக்கொண்டு, ஒவ்வொன்றிலும் ஒரு வண்ண டேப் ஒட்டுங்கள். “அந்த மைக்கைக் கொடு” என்று கத்துவதற்கும் “சிவப்பு யோசேப்புக்கு” என்று சொல்வதற்கும் அரை நிமிட வித்தியாசம் உண்டு. காலர் மைக்கை ஒரு பிள்ளையிடமிருந்து கழற்றி இன்னொரு பிள்ளைக்கு மாட்ட ஒரு நிமிடத்துக்குமேல் ஆகும். ஆகையால் அடுத்தடுத்த நாடகங்களுக்கு ஒரே காலர் மைக்கை ஒதுக்காதீர்கள். பத்துக்குமேல் பிள்ளைகள் இருந்தால், மேடை முன்விளிம்பில் இரண்டு ஸ்டாண்ட் மைக் நிரந்தரமாக இருப்பதே நல்லது. காட்சி முடிந்தவுடன் மைக்கை நிறுத்திவிட வேண்டும். வெஸ்ட்ரிக்குள் ஏரோது தன் அம்மாவிடம் சமோசா கேட்பது சபைக்குக் கேட்க வேண்டியதில்லை. பாதியில் பேட்டரி மாற்றும் நேரத்தையும் நிரலிலேயே குறித்துவிடுங்கள்.

இசையை எல்லாம் ஒரே பென் டிரைவில், நிகழ்ச்சி நிரல் எண்ணிலேயே 01, 02 என்று பெயரிட்டு, முந்தின நாளே மைக்செட்காரரிடம் கொடுங்கள். இன்னொரு பிரதி உங்கள் பையில். அவரவர் கைபேசியைக் கொண்டுவந்து வயரில் மாட்டும் வழக்கத்தை இந்த ஆண்டோடு நிறுத்துங்கள். தவிர்க்க முடியாமல் கைபேசியிலிருந்துதான் என்றால் விமானப் பயன்முறையில் போட்டுவிட வேண்டும். தூதர்கள் பாடும்போது சித்தப்பாவின் அழைப்பு ஒலிபெருக்கியில் ஒலித்த சபைகள் உண்டு.

விளக்கை முழுவதும் அணைத்துவிட்டுக் காட்சி மாற்றலாம் என்று வாலிபர்கள் சொல்வார்கள். சிறு பிள்ளைகள் இருக்கும் மேடையில் வேண்டாம். இருட்டில் ஒருவர் அழுவார், ஒருவர் படியில் விழுவார். பழைய டியூப் லைட்டுகள் என்றால், அணைத்தது திரும்ப எரிவதற்குள் கண்சிமிட்டியே பொறுமையைச் சோதித்துவிடும். மேடை விளக்கை அணைத்து, ஓரத்தில் ஒரு நீல பல்ப் எரியட்டும். வேலை செய்கிறவர்களுக்கு அது போதும், பார்க்கிறவர்களுக்குக் காட்சி முடிந்தது புரியும். படி விளிம்பில் வெள்ளை டேப் ஒட்டுங்கள். தரையில் ஓடும் வயர்களையும் டேப் போட்டு அழுத்திவிடுங்கள். மின்சாரம் போய் ஜெனரேட்டர் ஓடத் தொடங்கும் இடைவெளிக்கு என்ன செய்வது என்பதையும் முன்பே முடிவுசெய்யுங்கள். நடிகர்கள் நின்ற இடத்திலேயே அசையாமல் நிற்க வேண்டும். பாடகர் குழு மைக் இல்லாமலே பாடத் தொடங்க வேண்டும்.

தொகுப்பாளரிடம் கேட்க வேண்டியது

தெருக்கூத்தில் கட்டியக்காரன் செய்யும் வேலைதான் இது. வேடம் தயாராகும்வரை அவன் பேசுவான், தயாரானதும் சட்டென்று விலகிவிடுவான். நம் தொகுப்பாளர்களுக்குப் பேச வரும், விலக வராது. ஆகவே ஒவ்வோர் இடைவெளிக்கும் இரண்டு அறிவிப்புகளை எழுதிக் கொடுங்கள். ஒன்று இரண்டே வரி. எல்லாம் தயாராக இருந்தால் அது. இன்னொன்று ஒரு நிமிடம் ஓடுவது, தாமதமானால் அது. எதைப் படிப்பது என்று நீங்கள் கையால் காட்ட வேண்டும். ஒரு விரல் என்றால் சின்னது, உள்ளங்கை என்றால் பெரியது, கட்டைவிரல் என்றால் முடித்துக்கொள்ளலாம். எங்களுக்குள் இவ்வளவுதான் மொழி. வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்புவதைக் கைவிட்டுவிட்டோம். யாரும் பார்ப்பதில்லை, பார்த்தால் இருட்டில் முகம் வெளிச்சமாகிறது.

அடுத்த நாடகத்தின் கதையைத் தொகுப்பாளர் சொல்லக் கூடாது. தாமதத்துக்கு மன்னிப்பும் கேட்கக் கூடாது. கேட்கும்வரை அது தாமதம் என்று பாதிப் பேருக்குத் தெரியாது. கைவசம் நான்கு வேதாகமக் கேள்விகளும், சரியாகப் பதில் சொல்கிறவர்களுக்குக் கொடுக்கக் கொஞ்சம் சாக்லேட்டும் இருந்தால் மூன்று நிமிடம்வரை சமாளிக்கலாம். அதற்குமேல் போனால் சபைப் பாட்டுதான்.

இடைவெளிக்கு ஒரு தனி ஒத்திகை

நிகழ்ச்சிக்கு முந்தின மாலை, நாடகங்களை முழுவதும் ஓட்ட வேண்டாம். ஒவ்வொன்றின் கடைசி வசனத்தைச் சொல்லச் சொல்லுங்கள், மாற்றத்தைச் செய்யுங்கள், அடுத்ததன் முதல் வசனம் வந்ததும் நிறுத்துங்கள். கைக்கடிகாரத்தில் நேரம் பாருங்கள். ஒன்றரை நிமிடத்துக்குமேல் போன மாற்றத்தை மட்டும் மறுபடி செய்து பாருங்கள். பதினான்கு மாற்றங்களும் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். “நடிப்பு ஒத்திகை இல்லையா?” என்று பிள்ளைகள் முகம் வாடும், பரவாயில்லை.

நாடகம் எப்படி முடிய வேண்டும் என்பதையும் அன்றே பழக்குங்கள். கடைசி வசனத்துக்குப் பிறகு பிள்ளைகள் என்ன செய்வது என்று தெரியாமல் ஒருவரையொருவர் பார்த்து, ஒருவன் ஓட, மற்றவர்களும் ஓடுவார்கள். மனத்துக்குள் ஐந்து எண்ணும்வரை அசையாமல் நிற்க வேண்டும். பிறகு தலைவணங்கி, வலப்பக்கமாக வரிசையில் போக வேண்டும். அந்த ஐந்து எண்ணிக்கையில்தான் பெற்றோர் படம் எடுப்பார்கள். அப்படியும் முன்னால் ஓடிவருகிறவர்களுக்காக, ஆலயத்துக்கு வெளியே நட்சத்திரத்தின் கீழே ஓர் இடத்தை ஒதுக்கி, “வேடத்தோடு படம் அங்கே எடுக்கலாம்” என்று தொடக்கத்திலேயே அறிவித்துவிடுங்கள்.

ஒத்திகையில் கண்டதை வைத்து உங்கள் தாளை எழுதுங்கள். என் தாளில் ஒரு மாற்றம் இப்படி இருக்கும்: “6லிருந்து 7. கடைசி வசனம், ‘அந்தப் பிள்ளையைத் தேடுங்கள்.’ மேடை விளக்கு அணையும், நீலம் எரியும். போவது: நாற்காலி, போர்வீரர் இருவர். வருவது: தீ மூட்டம், முதல் மேய்ப்பன். மைக்: சிவப்பு நிற்கும், ஸ்டாண்ட் இரண்டும் திறக்கும். இசை 07. மூடுவது: சின்ன அறிவிப்பு. 40 வினாடி.” இதே தாளின் பிரதி மைக்செட்காரர், விளக்குக்காரர், தொகுப்பாளர், அழைப்பாளர், மேடையோரத்து இருவர் ஆகிய ஆறு பேரிடமும் இருக்க வேண்டும். எழுத்து பெரிதாக இருக்கட்டும், நீல வெளிச்சத்தில் படிக்க வேண்டியிருக்கும்.

அன்று மாலை ஏதாவது தவறும். ஒரு குழு தயாராக இல்லை என்றால் காத்திருக்காமல் அடுத்த லேசான நிகழ்ச்சியை முன்னால் இழுங்கள். ஆனால் மாற்றியதை அந்த ஆறு பேரிடமும் சொல்லி முடித்த பிறகே தொகுப்பாளருக்குக் கட்டைவிரலைக் காட்டுங்கள். ஏதாவது பொருள் மேடையில் மறந்துபோய் நின்றால், வெளியாள் ஓடிப்போய் எடுப்பதைவிட வேடத்தில் இருக்கும் ஒருவர் நிதானமாக எடுத்துப்போவது கண்ணை உறுத்தாது. எங்கள் குட்டி மேய்ப்பனுக்கு அப்போது அந்தப் பெரிய நாற்காலியைத் தூக்க வலு இல்லை. இப்போது அவன்தான் மேடையின் இடப்பக்கப் பொறுப்பு.

நிகழ்ச்சி முடிந்து சாப்பாடு தொடங்கியதும் எல்லாரும் பந்திக்குப் போய்விடுவார்கள். மேடையில் யார் யார் வீட்டிலிருந்தோ வந்த போர்வை, குடம், அரிக்கேன் விளக்கு, மண்டபத்து நாற்காலி எல்லாம் கிடக்கும். தாளின் கடைசி வரியில் திருப்பிக் கொடுப்பவர்களின் பெயரையும், எந்தத் தேதிக்குள் என்பதையும் எழுதிவிடுங்கள். அந்தச் சிவப்பு நாற்காலி முதல் ஆண்டு வெஸ்ட்ரியிலேயே பொங்கல்வரை இருந்தது.